ஸ்டோக்கில் மூன்று நாள்: சூளைகளைப் பார்க்காமல் மான்செஸ்டருக்கு ரயில் ஏறாதீர்கள்

ஐயா, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மகன் கீல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கிறார். ஜூன் நடுவில் நீங்களும் அம்மாவும் அவரைப் பார்க்க வருகிறீர்கள். இங்கிலாந்தின் பீங்கான் ஊரான ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் மூன்று நாள் தங்கல். "இங்கே பழைய புகைபோக்கியைத் தவிர ஒன்றுமில்லை, மான்செஸ்டர் போய்விடலாம்" என்கிறார் மகன். அம்மாவுக்கு மூட்டுவலி, இருவருக்கும் சைவச் சாப்பாடு. பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. இந்த ஊரில் 14 வருடமாக இருக்கிறேன், வருகிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதே எனக்கு வேலை. மூன்று நாள் போதாது என்றுதான் சொல்வேன்.

முதலில் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் புகைபோக்கி என்று நினைப்பது புகைபோக்கி இல்லை, பீங்கான் சுடும் சூளை. அடி பருத்து, தோள் சரிந்து, கழுத்து குறுகி, பாட்டில் போலவே இருக்கும். பெயரும் பாட்டில் சூளைதான். வெளியே தெரிவது வெறும் செங்கல் கூடு. அதற்குள்ளே வட்டமாக இன்னொரு அறை இருக்கிறது, பாத்திரம் வேகிற இடம் அதுதான். வெளிக்கூடு மழையையும் காற்றையும் தடுக்கும், தீக்கு வேண்டிய இழுப்பைத் தரும், புகையை மேலே தள்ளும். ஒரு காலத்தில் இந்த ஊரில் ஏறத்தாழ 2,000 சூளைகள் நின்றன. இன்று 50கூட இல்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, எரிவாயு உலையும் மின்சார உலையும் வந்தன, நிலக்கரிச் சூளைகளுக்கு வேலை போயிற்று. மிஞ்சியவற்றை இன்று சட்டம் காக்கிறது. யாரும் இடிக்க முடியாது.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அலைவீர்கள். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்பது ஒரு ஊர் இல்லை. வடக்கிலிருந்து தெற்காக டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள். 1910இல் ஒன்றாகச் சேர்ந்தன, 1925இல் மாநகரம் ஆயின. ரயில் நிலையம் இருப்பது ஸ்டோக்கில், கடைவீதியும் பேருந்து நிலையமும் இருப்பது ஹான்லியில். புதிதாக வருபவர்கள் ரயிலைவிட்டு இறங்கி "ஊர் எங்கே?" என்று தேடுவது வழக்கம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கையில் ஒரு ஜாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிலை நிற்கும். இந்த ஊரின் பேர்போன பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட். அவரிடம் பிறகு வருகிறேன்.

பீங்கான் தொழில் இங்கே ஏன் வந்தது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்த மண்ணில் கிடைப்பது செம்பழுப்புக் களிமண். வெள்ளைப் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் தென்மேற்கே கார்ன்வால், டெவன் பக்கம்தான் உண்டு. ஆனால் ஒரு டன் களிமண்ணைச் சுட பல டன் நிலக்கரி வேண்டும், அந்த நிலக்கரி இங்கே காலடியில் கிடந்தது. கரியை மண்ணிடம் கொண்டுபோவதைவிட மண்ணைக் கரியிடம் கொண்டுவருவது லாபம். அப்படித்தான் கார்ன்வால் களிமண் கப்பலேறி, கடல் சுற்றி, மெர்சி ஆற்று வழியாக இங்கே வந்தது. கடைசி மைல்கள்தான் சிக்கல்: குண்டும் குழியுமான பாதை, பொதிகுதிரைகள். போகிற வழியிலேயே பாத்திரங்கள் உடைந்துபோகும். அதற்குத்தான் கால்வாய் வெட்டினார்கள். ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு 1766இல் பர்ஸ்லம் அருகே முதல் மண்ணை வெட்டிப் போட்டவர் அதே வெட்ஜ்வுட். 1777இல் வேலை முடிந்தது. தண்ணீரில் மிதந்து போனால் கோப்பை உடையாது இல்லையா.

இனி முதல் நாள். லாங்டனில் இருக்கிற கிளாட்ஸ்டோன் பாட்டரி மியூசியத்துக்குப் போங்கள் (பாட்டரி என்றால் இங்கே பீங்கான் பட்டறை). மூன்று நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றாலும் இதைத்தான் சொல்வேன். ஸ்டோக்கிலிருந்து டார்பி போகிற ரயிலில் ஏறினால் லாங்டன் சில நிமிடம்தான். பருவத்துக்கு ஏற்பத் திறக்கும் நாட்கள் மாறும், அதனால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது அருங்காட்சியகத்துக்காகக் கட்டிய இடம் இல்லை, நிஜமாகவே ஓடிய பட்டறை. 1970இல் இடிக்கப்பட இருந்ததைக் கடைசி நேரத்தில் காப்பாற்றினார்கள். உள்ளே நுழைந்ததும் கல் பாவிய முற்றம், அதைச் சுற்றி பாட்டில் சூளைகள். அம்மாவிடம் நல்ல செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கல் மேடுபள்ளமாக இருக்கும். சூளையின் சிறு வாசல் வழியாக உள்ளே போய் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். சுவரெல்லாம் தீயில் உருகிக் கண்ணாடி பூசினாற்போல் கறுத்து மின்னும். என் கையை முதல் தடவை அந்தச் சுவரில் வைத்தபோது சில்லென்று இருந்தது. எத்தனை ஆயிரம் தடவை தணலாய்ச் சிவந்த சுவர் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன்.

அங்கே நின்றுகொண்டு ஒரு சுடுதலைக் கற்பனை செய்து பாருங்கள். பாத்திரத்தை அப்படியே தீயில் காட்ட முடியாது, கரியும் புகையும் படிந்துவிடும். அதனால் முரட்டுக் களிமண்ணில் செய்த பெட்டிகளுக்குள் பாத்திரங்களை அடுக்குவார்கள். இந்தப் பெட்டிக்கு இங்கே சேகர் என்று பெயர். நிரம்பிய சேகர் ஒன்று 25 கிலோ அளவு கனக்கும். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு சூளைக்குள் ஏணி ஏறுவார்கள். தலைக்கு என்ன வைத்தார்கள் தெரியுமா? பழைய காலுறைகளைச் சுருட்டி வளையமாகக் கட்டியது. நம் சும்மாடேதான். மியூசியத்தில் அதைப் பார்த்ததும், "இது சும்மாடு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்; பக்கத்தில் நின்ற முதியவர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

சேகர்களைக் கூரைவரை தூண் தூணாக அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்து, சுற்றிலும் உள்ள அடுப்புவாய்களில் தீ மூட்டுவார்கள். இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் எரியும். ஒரு சுடுதலுக்குப் பத்து டன்னுக்கு மேல் கரி போகும். தீக்காரர் என்று ஒருவர், அவருக்குத் தூக்கமே கிடையாது. உள்ளே வைத்த சிறு களிமண் வளையங்களை நீளக் கம்பியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளப்பார். சுருக்கம் சொல்லும் வெப்பத்தை. அவர் கணக்கு தப்பினால் பல வாரத்து உழைப்பு, எத்தனையோ பேருடைய கூலி, எல்லாம் வீண். ஆறுமுன்னே சூளையைத் திறந்து, ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் இறக்கியவர்களும் உண்டு, அடுத்த சுடுதலுக்கு நேரமாகிறது என்பதால்.

சேகரின் அடித்தட்டைச் செய்வது பெரும்பாலும் சிறுவர்களின் வேலை. இரும்பு வளையத்துக்குள் களிமண்ணைப் போட்டு மரச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்க வேண்டும். அச்சு தூக்கும் பையன்கள் இன்னும் பாவம். ஈரப் பாத்திரத்தோடு அச்சைத் தூக்கிக்கொண்டு உலர்த்தும் அறைக்கு ஓட வேண்டும், திரும்பி ஓடிவர வேண்டும். கொதிக்கிற அறைக்கும் குளிர்ந்த பட்டறைக்கும் நாள் முழுக்க. பாத்திரத்துக்குப் பளபளப்பு தரும் மெருகில் ஈயம் இருந்ததால் அதில் பாத்திரம் முக்கி எடுத்தவர்களுக்கு ஈய நஞ்சு ஏறியது. களிமண்ணில் சேர்க்கும் சக்கிமுக்கிக் கல்லின் தூசி நுரையீரலை அரித்தது. அதற்கு "குயவர் அழுகல்" என்று பொருள்படும் ஒரு பெயரையே வைத்திருந்தார்கள். மியூசியத்தில் அந்தக் காலத்து மருத்துவர் வீடு ஒன்றும் அமைத்திருக்கிறார்கள், தவறாமல் பாருங்கள். அழகான கோப்பைகளை மட்டும் காட்டி அனுப்பாமல் இதையும் காட்டுகிறார்களே என்று எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை.

பீங்கான் பூ செய்யும் பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் அம்மாவை அவர்களிடம் விட்டுவிடுங்கள். உள்ளங்கையில் பட்டாணி அளவு களிமண்ணை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஓர் இதழ். அடுத்த அழுத்து, அடுத்த இதழ். ஒரு நிமிடத்தில் ரோஜா. உங்களையும் செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள். கழிப்பறையின் வரலாற்றுக்கென்றே தனிக் கூடம் உண்டு; நகரங்களைக் காலராவிலிருந்து காத்ததில் இந்த ஊர்ப் பீங்கானுக்கும் பங்கு இருக்கிறது.

இரண்டாம் நாள் மிடில்போர்ட். பர்ஸ்லத்தை ஒட்டி, கால்வாய்க் கரையிலேயே இருக்கிற பட்டறை, 1888இல் கட்டியது. முன்பு ஏழு சூளைகள் இருந்தன, இப்போது ஒன்று. 2011இல் மூடும் நிலைக்கு வந்தபோது ஓர் அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்தது. பர்லி என்ற பெயரில் விற்கும் பாத்திரங்கள் இன்றும் இங்கேதான் தயாராகின்றன. கிளாட்ஸ்டோனில் பார்த்தது நின்றுபோன பட்டறை. இங்கே உயிரோடு ஓடுவதைப் பார்க்கலாம். தொழிற்கூடத்தைச் சுற்றிக்காட்டும் வசதி எந்தெந்த நாளில் உண்டு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜூன் நடுவில் வருவது நல்லதாயிற்று. ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும் இந்த ஊரில் குயவர் விடுமுறை, வழிவழியாக வருவது. சூளைகள் எரிந்த காலத்தில் அந்த இரண்டு வாரம்தான் வானம் தெளிவாகத் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

மிடில்போர்ட்டில் பார்க்க வேண்டியது அச்சு ஒட்டுவது. செதுக்கிய செப்பு உருளையில் மையைத் தடவி, மெல்லிய தாளில் நீலப் பூவேலையை அச்சடிப்பார்கள். அந்தத் தாளை வெட்டி, சுட்டெடுத்த வெறும் பாத்திரத்தின் மேல் வைத்து ஒட்டுவது ஒரு பெண்ணின் கை. தேநீர்ப் பாத்திரத்தின் வளைவு, மூக்கு, கைப்பிடி எல்லாவற்றிலும் பூவும் கொடியும் வெட்டுத் தெரியாமல் சேர வேண்டும். வைத்ததும் முரட்டுத் தூரிகையால் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்ப்பார். இவ்வளவு வேகமாகத் தேய்த்தால் தாள் கிழியாதா என்று நமக்குப் பதறும். பிறகு தண்ணீரில் கழுவினால் தாள் போய்விடும், நீலம் நிற்கும். 200 வருடத்துக்கு மேற்பட்ட வித்தை. பார்த்தபிறகு கடையில் அந்தக் கிண்ணத்தின் விலை அதிகமாகத் தெரியாது.

அங்கிருந்து பர்ஸ்லம் நடுவுக்கு வாடகைக் காரில் ஐந்து நிமிடம். இது ஆறு ஊர்களுக்கும் தாயூர் என்பார்கள். பல கடைகள் மூடிக் கிடக்கும்; மனம் கனக்கத்தான் செய்யும். வெட்ஜ்வுட் இன்ஸ்டிடியூட் என்ற பழைய கட்டடத்தின் முகப்பை மட்டுமாவது பாருங்கள். பன்னிரண்டு மாதங்களையும் ராசிகளையும் சுடுமண்ணில் வடித்து வைத்திருக்கிறார்கள், கீழே குயவர் வேலைகளின் காட்சிகள். இதன் வடிவமைப்பில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். 1865இல் பம்பாய்க்குப் போய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியரானார். அவரும் மனைவியும் முதலில் சந்தித்துக்கொண்டது இங்கே பக்கத்திலுள்ள ரட்யர்ட் ஏரிக்கரையில். பம்பாயில் பிறந்த மகனுக்கு அந்த ஏரியின் பெயரையே வைத்தார்கள். எழுத்தாளர் ரட்யர்ட் கிப்ளிங்கின் பெயர் வந்த கதை அதுதான்.

மாலையில் நேரமிருந்தால் கிட்ஸ்குரோவ் வரை ரயிலில் போய் ஹேர்காஸில் கால்வாய்ச் சுரங்கத்தின் வாயைப் பாருங்கள். ரயில் நிலையத்தை ஒட்டியே கால்வாய். தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அழுக்கு இல்லை, மலைக்குள்ளிருக்கும் இரும்புத் தாது. குன்றின் அடியில் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் குடைந்த இரண்டு சுரங்கங்கள் பக்கத்துப் பக்கத்தில். முதலாவதைப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி தொடங்கினார். 11 வருட வேலை, முடியுமுன்னே 1772இல் இறந்துபோனார். அது அவ்வளவு ஒடுக்கமானது, படகை இழுக்கும் குதிரை நடக்க இடமில்லை. படகுக்காரர்கள் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகைத் தள்ளிக்கொண்டு இருட்டில் போனார்கள். இரண்டாவதை தாமஸ் டெல்ஃபோர்ட் மூன்றே வருடத்தில் 1827இல் முடித்தார். இன்று படகுகள் போவது அதன் வழியாக.

மூன்றாம் நாள் பார்லஸ்டனில் வெட்ஜ்வுட் வளாகம். சிறுவயதில் வந்த பெரியம்மையால் ஜோசையாவின் முழங்கால் கெட்டது. சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுற்ற முடியாத குயவன். அந்த ஆள் சக்கரத்தை விட்டுவிட்டு மண்ணையும் மெருகையும் ஆராயத் தொடங்கினார். 1768இல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். மறு வருடமே எட்ரூரியா என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார். பார்லஸ்டன் கூடத்தில் அவருடைய சோதனைத் தட்டுகளைத் தேடிப் பாருங்கள். விரல்நக அளவில் நூற்றுக்கணக்கான களிமண் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண், அந்த எண்ணுக்கு அவருடைய குறிப்பேட்டில் ஒரு செய்முறை. நீலம் கொஞ்சம் தூக்கல், கொஞ்சம் மட்டு, ஒன்று வெடித்தது, ஒன்று வளைந்தது. நீங்கள் ஆசிரியர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தோற்றுப்போன விடைத்தாள்களையும் எறியாமல் வைத்திருந்த மாணவன் அவர்.

அதே கூடத்தில் 1787இல் அவர் பட்டறையில் செய்த சிறு பதக்கம் ஒன்று இருக்கும். சங்கிலி பூட்டிய கறுப்பின மனிதர் மண்டியிட்டு, "நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா?" என்று கேட்கிறார். அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் இதைக் காசு வாங்காமல் கொடுத்தார். பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். என் பார்வையில் அவர் செய்த ராணி வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் விட இதுவே பெரிது.

இந்தச் சேகரிப்பே 2014இல் ஏலத்துக்குப் போக இருந்தது. தாய் நிறுவனம் 2009இல் நொடித்து, ஓய்வூதிய நிதிக் கடன் அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது. 1.575 கோடி பவுண்ட் திரட்ட வேண்டியிருந்தது. அமைப்புகளோடு சாதாரண மக்களும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வெட்ஜ்வுட் என்ற பெயரில் ரயில் நிலையம் ஒன்று இருப்பதாக வரைபடம் காட்டும். நம்பிப் போகாதீர்கள், அங்கே ரயில் நிற்பதில்லை.

பக்கத்திலேயே ட்ரென்ட்ஹாம் தோட்டம். ஏரியைச் சுற்றி நடக்கலாம், அம்மாவுக்குக் கால் வலித்தால் உட்கார பெஞ்ச் உண்டு. அங்கே ஒரு பெரிய அரண்மனை இருந்தது. மேலே பாத்திரம் செய்த ஊர்களின் கழிவெல்லாம் ட்ரென்ட் ஆற்றில் கலந்து தோட்டத்தை நாறடிக்க, பிரபு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. 1912 வாக்கில் இடித்தார்கள். இன்று ஆறு தெளிந்துவிட்டது, தோட்டம் மட்டும் இருக்கிறது.

மழை வந்தால் ஹான்லியில் இருக்கிற பாட்டரிஸ் மியூசியத்துக்குள் போய்விடுங்கள். 2009இல் இந்த மாவட்டத்து வயலில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுத் தங்கப் புதையலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. மொத்தம் சுமார் நான்கு கிலோ தங்கம், பெரும்பாலும் வாள்பிடி அணிகள். அவற்றில் பதித்த சிவப்புக் கற்களில் சில இந்தியா அல்லது இலங்கைப் பக்கத்திலிருந்து போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பக்கத்துக் கூடத்தில் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் நிற்கிறது. அதை வடிவமைத்த ரெஜினால்ட் மிட்செல் கிட்ஸ்குரோவ் பக்கம் பிறந்தவர்.

வாங்குவது பற்றி ஒன்று. சைவம் பார்ப்பவர்கள் பலருக்குத் தெரியாது: போன் சைனா என்ற பெயரில் இருக்கிற எலும்பு நிஜ எலும்பு. ஸ்டோக்கில் ஸ்போட் குடும்பம் செம்மைப்படுத்திய இந்தப் பீங்கானில் ஏறத்தாழ பாதி மாட்டெலும்புச் சாம்பல். வேண்டாம் என்றால் எலும்பு சேராத எர்தன்வேர் என்று கேட்டு வாங்குங்கள். மிடில்போர்ட்டில் கிடைப்பது அதுதான். சிறு குறையுள்ளவற்றைத் தொழிற்சாலைக் கடைகளிலேயே மலிவாகக் கொடுப்பார்கள். உணவகத்தில் தட்டைத் திருப்பி அடியிலிருக்கும் முத்திரையைப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களின் பழக்கம். நீங்களும் பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். இந்த ஊருக்கென்றே ஓட்ஸ் தோசை ஒன்று உண்டு, ஓட்கேக் என்பார்கள். ஓட்ஸ் மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, சூடான கல்லில் ஊற்றி, இரண்டு பக்கமும் வேகவைத்து எடுப்பது. முகத்தில் பொத்தல் பொத்தலாக, தொட்டால் ஆப்பத்தின் நடுப்பகுதி போல மெத்தென்று இருக்கும். இந்தியாவிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சப்பாத்தி ஆசையில் கண்டுபிடித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அது கதைதான், இந்தப் பக்கத்தில் ஓட்ஸ் வெகு பழைய பயிர். வழக்கமாகப் பன்றி இறைச்சி வைப்பார்கள் என்பதால், "சீஸும் காளானும் மட்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் தெருக் கடையில் ஞாயிறு காலை எட்டரைக்கெல்லாம் வரிசை வாசலைத் தாண்டும், மதியத்தில் தீர்ந்துவிடும். கடைக்காரம்மா உங்களை "டக்" என்று கூப்பிடுவார், வாத்து என்று அர்த்தம். ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லாரையும் இங்கே அப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவார்கள். ஆறு ஓட்கேக்கைப் பொட்டலமாகவும் கட்டித் தருவார்கள். தம்பியின் அறையில் தோசைக்கல் இருந்தால் மறுநாள் காலைக்கும் ஆகும்.